கேட்க முதலே சொல்லிவிடுகிறவர்

அவர் மணியடிக்க, நாங்கள் கதவைத் திறந்தால், அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரு விளக்கமாகத்தான் இருக்கும்.

"அக்கா, இது உங்கட சட்டிதான். அடியிலை ஒரு கீறல் இருக்கு, அது நீங்கள் தரேக்கையே இருந்தது. மூடி மேலை கிடக்கு, மனுசி கழுவுறா, காய்ஞ்சதும் கொண்டு வாறன்."

அம்மா கீறலைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை. அப்படியொரு கீறல் இருந்ததே அம்மாவுக்குத் தெரியாது. அவர் படியேறிப் போன பிறகு சட்டியைக் கவிழ்த்து வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேடித்தான் கண்டுபிடித்தார்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் கட்டடம் இருந்தது. மூன்றாம் மாடியில் அவரும் மனைவியும். அவர்களுக்கு நேர் கீழே நானும் அம்மாவும். நான் அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அண்ணாவுக்கு நாற்பது வயதிருக்கும். மருந்துக் கம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. மோட்டார் சைக்கிளில் மலைநாட்டுக்குப் போய், ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை என்று டொக்டர்மாரையும் மருந்துக் கடைகளையும் பார்த்துவிட்டு வார இறுதியில் திரும்புவார். அக்கா வீட்டிலிருந்து சட்டை தைத்தார்.

படியில் என்னைக் கண்டால் நான் கேட்காமலே, எங்கே போகிறார், எந்த வழியால் போகிறார், எப்போது வருவார் என்று சொல்வார். பாண் வாங்கப் போனாலும் அப்படித்தான். கீழ்வீட்டு ஓய்வுபெற்ற மாஸ்டர் அவருக்கு 'அறிவித்தல்' என்று பெயர் வைத்திருந்தார். வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி, உற்றார் உறவினர் அனைவரும் அறியும்வண்ணம் சொல்லிவிட்டுத்தான் மனிதன் பாணுக்குப் போகிறான் என்பார். அண்ணாவுக்கு இது தெரியும். கோபிக்கவில்லை. மாஸ்டரின் விறாந்தையைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

ஆனால் அந்தப் பழக்கம் விளையாட்டில்லை என்று எனக்கு ஒருநாள் காலி வீதியில் தெரிந்தது. நான் வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்து எங்களை இறக்கியிருந்தார்கள். பெண்கள் வரிசையில் நின்றபோது முன்னால் அண்ணாவைக் கண்டேன். சிப்பாய் அவரிடம் வர இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அதற்குள் அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, பின் பெட்டியைத் திறந்து, அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் வலது கையில் விசிறி போலப் பிடித்துக்கொண்டு நின்றார். சிப்பாய் திரும்பியதும் சிங்களத்தில் தொடங்கினார். இது மருந்து சாம்பிள். இது விலைப்பட்டியல். இது மழைக்கோட்டு. இது மாற்றுச் சட்டை. இது மனைவி கட்டித் தந்த சாப்பாடு, உள்ளே புட்டும் முட்டைப் பொரியலும். வெயிலில் நின்று களைத்துப் போயிருந்த அந்தப் பொடியன் "யன்ன, யன்ன" என்று கையை வீசி அவரைப் போகச் சொன்னான். அண்ணா போகவில்லை. ரயருக்குக் காற்றடிக்கும் பம்ப், ரோச் லைற், ரோச் லைற்றின் பற்றரி இரண்டு என்று கடைசிவரை சொல்லி முடித்துவிட்டுத்தான் பெட்டியை மூடினார்.

நானும் பட்டியல் போடுகிற ஆள்தான். ஆனால் நான் மறந்துவிடக்கூடாது என்று போடுவேன். அவர் யாரும் தன்னைத் தவறாக நினைத்துவிடக்கூடாது என்று போட்டார்.

அதற்கு அவரிடம் ஒரு சூத்திரமும் இருந்தது. அன்று மாலை படியில் வைத்துச் சொன்னார்.

"சந்தேகம் வந்தாப் பிறகு சொல்லுறது பதில், பிள்ளை. வர முதல் சொல்லுறதுதான் தகவல். பதில் சொல்லுறவனை அடிப்பாங்கள். தகவல் சொல்லுறவனை ஒருத்தரும் அடிக்கிறேல்லை."

இது எங்கிருந்து வந்தது என்று அக்காதான் ஒருமுறை சொன்னார். கலியாணத்துக்கு முன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், அண்ணா கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தாராம். ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் லொட்ஜில் இருந்த எல்லோரையும் கொண்டுபோனார்கள். அண்ணா, அவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். பதிலில் பொய் எதுவும் இல்லை. அதே அறையில் இருந்த இன்னொருவன் கேட்காததையெல்லாம் கொட்டினான், தன் ஊர், தாய் தகப்பன், போகும் கோயில், பல்லுவலி உட்பட. அவனை அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். அண்ணா வெளியே வர வாரக்கணக்கானது. வெளியே வந்தவர் அன்று தொடங்கிப் பேசத் தொடங்கினார் என்றார் அக்கா. "நான் கட்டேக்கை இப்பிடித்தான். எனக்கு முந்தின ஆளைத் தெரியாது."

இன்னொன்றும் அவருக்கு அங்கிருந்துதான் வந்தது. சீமெந்துத் தரையில் படுத்துச் சளி பிடித்த நெஞ்சு. அது பிறகு ஒருபோதும் சரியாகவில்லை. நாங்கள் மின்விசிறிக்குக் கீழே விசுக்கிக்கொண்டு கிடக்கும் வெள்ளவத்தை வெக்கையில் அவர் முழுக்கைச் சட்டையோடு இருப்பார். மலைநாட்டிலிருந்து வந்து இறங்கும் வெள்ளிக்கிழமைகளில் நகங்கள் நீலம் பாய்ந்திருக்கும். அக்கா தரும் பிளேன்டீக் கோப்பையைக் கைபிடியில் பிடிக்கமாட்டார். இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்து, ஆறும்வரை குடிக்காமல் வைத்திருப்பார். இரண்டு முறை நியூமோனியா வந்தது. இரண்டாவது முறை டொக்டர் ஒளிக்காமல் சொன்னார், குளிரில் மோட்டார் சைக்கிள் ஓடுவதை விடு, இல்லாவிட்டால் மூன்றாவதுக்கு இந்த நெஞ்சு தாங்காது.

விடமுடியாது. தோட்டப்புறத்து டொக்டர்மாரோடும் கடைக்காரரோடும் தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்றுதான் கம்பனி அவரை எடுத்திருந்தது. அந்த ரூட்டை விட்டால் அவருக்கு அங்கே வேலையில்லை. சாம்பிள் பெட்டியோடு பஸ் மாறி மாறி அத்தனை ஊருக்கும் ஒரு வாரத்தில் போய்வரவும் முடியாது. ஒன்றில் நெஞ்சு, இல்லாவிட்டால் வேலை. அந்த நிலையில்தான் அவர் எங்கள் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, ஒரு உதவி. இது சட்டத்துக்கு விரோதமான அலுவல் இல்லை, நான் யோசிச்சுப் பாத்திட்டன். காசுக்கும் வரேல்லை. உமக்கு நேரமில்லையெண்டால் நான் கோபிக்கமாட்டன்."

பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் சஞ்சிகை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். பனி பெய்யும் நாடுகளில் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள், மோட்டார் சைக்கிளின் மின்சாரத்தில் சூடேறும் உடுப்புப் போடுகிறார்கள் என்று ஒரு படம். நான் அப்போது மின்தொழில்நுட்ப டிப்ளோமா முடித்துவிட்டு, கட்டடங்களின் லிப்டுகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவருக்குத் தெரிந்த மின்காரி நான் ஒருத்திதான்.

அவருடையது இருநூற்றைம்பது சிசி பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள். நான் முதலில் அது உண்டாக்கும் மின்சாரத்தையும் செலவழிக்கும் மின்சாரத்தையும் இரண்டு நிரலாக எழுதினேன். முன்விளக்கு, பின்விளக்கு, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பகுதி, பற்றரிக்குத் திரும்பப் போக வேண்டியது. கழித்துப் பார்த்தால் ஓடும் வேகத்தில் மிஞ்சியது ஐம்பது வாற்று அளவில், மேசை விளக்கு ஒன்று எரிகிற அளவு. ஆனால் அந்தச் சூட்டை ஒரு மனிதனின் நெஞ்சிலும் முதுகிலும் கழுத்தடியிலும் பரப்பி, மேலே காற்றுப் புகாத மழைக்கோட்டைப் போட்டால் போதும். புறக்கோட்டையில் சூடு தாங்கும் உறை போட்ட மெல்லிய வயர் வாங்கினேன். எவ்வளவு நீளம் என்று கணக்குப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். அக்கா கையில்லாத தடித்த துணிச் சட்டை ஒன்றைப் பிரித்து, இரண்டு துணிகளுக்கு நடுவே அந்த வயரைப் பாம்பு நெளிவாக வைத்துக் கையூசியால் தைத்தார். ஒரு வரிசைக்கும் மற்ற வரிசைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அளந்து பார்த்தேன், எங்குமே பிசகவில்லை.

அண்ணா கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"இஞ்சின் நிண்டா உதுவும் நிக்க வேணும், பிள்ளை. செக்பொயின்ற்றிலை நிக்கேக்கை என்ரை உடம்பிலை கரண்ட் இருக்கக்கூடாது. கேட்டா, இல்லை எண்டு சத்தியமாச் சொல்ல வேணும்."

அதனால் திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்தியதும் கரண்ட் தானாக அறுந்துபோகும்படி ஒரு ரிலே வைத்தேன். வயிற்றுப் பக்கம் ஒரு பிளக். கழற்ற மறந்து எழும்பினாலும் தானாகக் கழன்றுவிடும். பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு பியூஸ். எல்லாவற்றையும் சதுரக் கட்டத் தாளில் அடிமட்டம் வைத்துக் கீறிக் கொடுத்தேன். வலது கீழ் மூலையில் ஒரு சிறிய பெட்டி கட்டி அதற்குள் பெயர், திகதி, எத்தனையாவது திருத்தம் என்று எழுதுவது படிக்கும் காலத்துப் பழக்கம். பெட்டியில்லாத வரைபடத்தை எங்கள் விரிவுரையாளர் பார்க்காமலே திருப்பித் தருவார். அதையும் எழுதினேன்.

அண்ணா அந்தத் தாளை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். இது என்ன, இதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது. அந்தப் பெயர்களை ஒரு வாரம் படியில் ஏறி இறங்கும்போது முணுமுணுத்துப் பாடமாக்கினார். எது எதற்கு அடுத்து நிற்கவேண்டும், ஏன் என்று நான் விளங்கப்படுத்த முயன்றபோது அவர் காதில் வாங்கவில்லை. பெயர் தெரிந்தால் சொல்லலாம்; அவருக்கு அது போதும்.

மோட்டார் சைக்கிளில் வயர் இழுக்கும் வேலைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அவருடைய பழைய லொட்ஜ் இருந்த தெருவுக்கு அடுத்த தெருவில், வாகன மின்வேலை செய்யும் முஸ்லிம் நானா ஒருவரின் கடை. அக்காவும் நானும் பஸ்ஸில் போய் இறங்க, அண்ணா முன்னமே வந்து நின்றார். நானா என் வரைபடத்தை ஒருமுறை பார்த்தார், தலையாட்டினார், வேலையைத் தொடங்கினார். பிறகு அண்ணா பையிலிருந்து சட்டையை எடுத்து உதறி விரித்தார். நெஞ்சிலிருந்து தொங்கிய இரண்டு வயரும் பிளக்கும் நானாவின் மேசை விளிம்பில் ஆடின. நானா எழும்பிப் போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, வயர் வேல நான் செஞ்சி தாறேன். அதுல ஒண்டும் இல்ல. இத உள்ள வைங்க. நான் காணல்ல."

"இது குளிருக்கு நானா. நான் எல்லா இடத்திலயும் முதலே சொல்லிப் போடுவன்."

"குண்டு வெடிச்சா பேப்பர்ல போடுற படம் மாதிரியே ஈக்குது. எங்கட ஆள் ஒருத்தன் போட்டாலே பயம். நீங்க போட்டுட்டுப் போய் என்னண்டு சொல்லப் போறீங்க?"

"குளிருக்கு எண்டு."

நானா குனிந்து வேலையைப் பார்த்தபடி, "சொல்லச் சொல்ல கேக்குறவனுக்குப் பயம் கூடும் தம்பி" என்றார். வேலை முடிந்து நாங்கள் வெளியே வரும்வரை கதவு பாதி சாத்தியபடியே இருந்தது.

அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் பரீட்சித்துப் பார்த்தோம். ரியூசன் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்த நேரம். தார் உருகும் வெயில். அண்ணா சூட்டுச் சட்டையைப் போட்டு, அதன்மேல் மழைக்கோட்டையும் போட்டு, நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளில் ஏறி எஞ்சினை முறுக்கிக்கொண்டு இருந்தார். நான் பற்றரியில் மீற்றரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் விறாந்தைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன காணும், வெள்ளவத்தையிலை பனி கொட்டுதோ?"

வழக்கமாக என்றால் சஞ்சிகையில் தொடங்கி ரிலே வரைக்கும் விளக்கம் போயிருக்கும். அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் வியர்வை ஓடியது, கழுத்து நனைந்தது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அளவெல்லாம் சரி, இறங்கலாம் என்று நான் சொன்ன பிறகும் இறங்கவில்லை. அக்கா மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாவை நாங்கள் அப்படிப் பேசாமல் கண்டது அதுதான் முதல் தரம்.

சட்டை வேலை செய்தது. முதல் வெள்ளிக்கிழமை திரும்பி வந்ததும் நேரே எங்கள் வீட்டு வாசலில் நின்று, கைகளை நீட்டி நகங்களைக் காட்டினார். பிறகு ஒவ்வொரு சாவடியிலும் என்ன நடந்தது என்று சாவடி ஒழுங்கில் சொன்னார். தூரத்தில் கண்டதுமே நிறுத்திவிடுவாராம். சட்டையைக் கழற்றி, மடித்து, வயர் மேலே தெரியும்படி இருக்கையில் வைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, இது சூடாகும் சட்டை, குளிருக்கு, இது பிளக், இது வயர், இப்போது கரண்ட் இல்லை என்று பாடம் சொல்வாராம். ஓரிடத்தில் வெலிமடைப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் அதை வாங்கித் தன் சீருடைக்கு மேல் போட்டுப் பார்த்து, "மட்டத் எக்கக்" என்றானாம், எனக்கும் ஒன்று. இதைச் சொல்லும்போது அண்ணாவின் முகம் பரீட்சை பாஸான பிள்ளையின் முகம்போல இருந்தது. அந்த மழைக்காலம் முழுதும் அவருக்கு இருமல் வரவில்லை.

பிறகு நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு சாவடிகளில் பழைய முகங்களைக் காணவில்லை. எல்லா இடத்திலும் புதிய ஆட்கள். அந்த வாரம் அண்ணா சட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போய், இருமிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசையில் வந்து இருந்து தன் முடிவைச் சொன்னார். பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சட்டையைப் பதியப் போகிறார்.

அப்போது நாங்கள் எல்லாவற்றையும் பதிந்தோம். வீட்டில் யார் யார், எந்த ஊர், ஏன் வந்தார்கள், எப்போது போவார்கள். ஊரிலிருந்து ஒரு மாமி வந்து இரண்டு நாள் நின்றாலும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிந்தோம். ஆளைப் பதியலாம் என்றால் சட்டையை ஏன் பதிய முடியாது என்பது அவர் நியாயம். பதிவுத் துண்டிலேயே ஒரு வரி எழுதி சீல் அடித்துத் தந்தால், பிறகு எந்தப் புதுமுகத்துக்கும் பயமில்லை.

அம்மா, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். அக்கா மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்:

"அண்ணா, அவங்களுக்குத் தெரியாத ஒண்டை நாங்களாப் போய்ச் சொல்லப் போறமா?"

"தெரியாமல் இருக்கிறதுதானே பிள்ளை பிரச்சினை."

"தெரிஞ்சாப் பிறகு?"

"தெரிஞ்சாப் பிறகு அது தகவல்."

திங்கட்கிழமை காலை கலியாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனார். சட்டையை எல்லோருக்கும் தெரியும்படி கண்ணாடிப் பையில் மடித்து வைத்திருந்தார். பையின் முன்பக்கம் என் வரைபடம். படியில் என்னிடம், ஸ்டேஷனுக்குப் போகிறேன், பெரியவர் வரச் சுணங்கினால் மத்தியானம் ஆகும், மனுசிக்கும் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் வரவில்லை. பின்னேரமும் வரவில்லை. அம்மாவுக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் அக்காவோடு அம்மா போனார். திரும்பி வந்து கதிரையில் இருந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத்தான் சொன்னார். சட்டையைப் பற்றி அவர்கள் அவ்வளவு கேட்கவில்லையாம். ஸ்டேஷன் பொறுப்பதிகாரி முதலில் வரைபடத்தைத்தான் பார்த்திருக்கிறார். அதன் வலது கீழ் மூலை இல்லை. கிழிந்த மூலை ஓரத்தில் பிசிர் நிற்கும். இது கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. இங்கே என்ன எழுதியிருந்தது, ஏன் வெட்டினாய் என்று கேட்டிருக்கிறார். எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதன் அதற்கு மட்டும் பதில் இல்லாமல் நின்றாராம். கீறியது யார் என்று கேட்டதற்கு, நான்தான் என்றாராம்.

அக்கா மேலே போய்த் தையல் பெட்டியோடு இறங்கி வந்தார். பொத்தான்களுக்கு நடுவில் அந்தத் துண்டு கிடந்தது. என் பெயர், திகதி, இரண்டாவது திருத்தம். ஒளிக்கத் தெரியாத ஆள், எறியவும் மனமில்லாமல் கத்தரிக்கோல் இருந்த இடத்திலேயே போட்டிருக்கிறார். அக்கா எங்கள் குசினிக்குள் போய் காஸ் அடுப்பைப் பற்றவைத்து அதை நெருப்பில் பிடித்தார். விரலில் சுடும்வரை விடவில்லை.

அடுத்த நாள் பொலிஸ்காரர் எங்கள் கட்டடத்துக்கு வந்தார்கள். நான் வேலைக்குப் போகவில்லை. மேசையில் மீற்றர், சோல்டரிங் அயன், மிஞ்சிய வயர்ச் சுருள், வேலை அடையாள அட்டை, கம்பனிக் கடிதம் என்று வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, கேட்டால் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு இருந்தேன். சப்பாத்துச் சத்தம் எங்கள் கதவுவரை வந்தது. கதவைத் தாண்டி மேலே போனது. மேலே நெடுநேரம் பொருட்களை இழுக்கும் சத்தம். அக்காவின் ஊசி நூல் எல்லாவற்றையும் கொண்டு இறங்கிப் போனார்கள். எங்கள் கதவை ஒருவரும் தட்டவில்லை.

நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அக்கா அழுது களைத்த முகத்தோடு, ஆனால் நிதானமாகச் சொன்னார்:

"நீர் போனா ரெண்டு பேரையும் வைச்சிருப்பாங்கள். அவரை விட்டிட்டு உம்மைப் பிடிக்க மாட்டாங்கள். அவர் ஒண்டைத்தான் வாழ்க்கையிலை சொல்லாமல் வைச்சிருக்கிறார். அதை நீர் போய்ச் சொல்லாதேயும்."

வாரங்கள் கழித்து அக்காவுக்கு அவரைக் காட்டினார்கள். அவர்கள் அவரிடம் வெறுந்தாளும் பென்சிலும் கொடுத்து, நீதான் கீறினாய் என்றால் திரும்பக் கீறு என்றார்களாம். அண்ணா பெயர்களையெல்லாம் பிழையில்லாமல் எழுதினார். ரிலே, பிளக், பியூஸ், வயர், பற்றரி. ஆனால் படம் பிழை. வாகன மின்வேலை தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதைக் கீறியவர் இதைக் கீறவில்லை என்றார். பிறகு பலமுறை கீறச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே பிழை. ஒவ்வொரு முறையும், கீறியது நான்தான். அக்கா இதைச் சொல்லும்போது அடித்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை. அக்கா கொண்டுபோன ஸ்வெட்டரை உள்ளே எடுக்கவில்லையாம். சீமெந்துத் தரை. அதே கட்டடத்தில், ஒரு மேசையில், சூட்டுச் சட்டை சாட்சிப் பொருளாகக் கிடந்தது.

தடுப்பு உத்தரவு போட்டுத் தெற்கே எங்கோ அனுப்பினார்கள். நியூமோனியா மூன்றாவது தரமும் வந்தது. டொக்டர் சொன்னதற்கு மாறாக நெஞ்சு தாங்கியது, ஆனால் பாதிதான் மிஞ்சியது. அடுத்த வருடம், குற்றம் எதுவும் இல்லை என்று விட்டார்கள். சட்டையைத் திருப்பித் தரவில்லை. மலைநாட்டு ரூட் ஏற்கெனவே வேறொருவருக்குப் போயிருந்தது.

திரும்பி வந்த அண்ணாவை எங்கள் கட்டடத்துக்குப் பழக்கமில்லை. படியில் கண்டால் தலையசைப்பார். எங்கே அண்ணா என்று நான் கேட்டால் "கடைக்கு" என்பார். மாஸ்டர் ஒருநாள் விறாந்தையிலிருந்து, "என்ன, அறிவித்தல் ஒண்டையும் காணேல்லை?" என்று தொடங்கிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அம்மாவின் சட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போனார். இந்தமுறை அடியில் நெளிந்திருந்தது. அம்மா அதைப் பற்றி அவர்களிடம் கேட்கவில்லை.

அக்கா நுகேகொடைப் பக்கம் ஒரு தையல் கடையில் வேலை எடுத்தார். அங்கேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போவதாக முடிவு செய்தார்கள். மோட்டார் சைக்கிளை விற்றபோது வாங்கியவன், இருக்கைக்குக் கீழே மிச்சமாக ஓடிய என் வயரைக் காட்டி இது எதற்கு என்று கேட்டான். அண்ணா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. நான்தான் குறட்டால் வெட்டி எடுத்தேன்.

சாமான் இறக்கிய நாள் படியில் என்னைக் கண்டு நின்றார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. மேல்மூச்சு அடங்கும்வரை நின்றுவிட்டுக் கேட்டார். நான் கேட்காமல் அவராக வாய் திறந்தது, வந்த பிறகு அதுதான் முதல் தரம்.

"பிள்ளை, அந்த பியூஸ் எந்தப் பக்கம் வர வேணும்?"

"பற்றரிப் பக்கம் அண்ணா. பற்றரிக்குக் கிட்ட."

"சட்டைப் பக்கம் இல்லையோ?"

"இல்லை. நடுவிலை எங்கேயாவது வயர் உரஞ்சினாலும் அறுந்துபோக வேணும். அதுதான் தொடங்கிற இடத்திலேயே வைக்கிறது."

யோசித்தார். பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"நான் ஒவ்வொரு தரமும் சட்டைப் பக்கந்தான் போட்டனான். சட்டைக்குள்ளை இருக்கிற ஆளைத்தானே காப்பாத்த வேணும் எண்டு நினைச்சன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி, வேண்டாம் என்பதுபோல் அசைத்துவிட்டுப் படியிறங்கினார். நான் மேலேயிருந்து பார்த்தேன். ஒழுங்கை முகப்பில் நின்ற சிப்பாய் அவரை மறித்து, பெட்டிக்குள் என்ன என்று கேட்டான். அண்ணா பெட்டியை நிலத்தில் வைத்தார், மூடியைத் திறந்தார், இரண்டு அடி தள்ளி நின்றார். சிப்பாய் திரும்பவும் கேட்டான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவன் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கத் தொடங்கினான்.